அங்கன்வாடியில் பயறு முளைகட்டிச் சமைத்தல்

மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளோடு சேர்ந்து சமைக்க ஏற்ற முதல் பண்டம் முளைகட்டிய பச்சைப்பயறு. விலை அதிகமில்லை. புரதம் நிறைந்தது. அளப்பது, கழுவுவது, கிள்ளுவது, பிழிவது, கலப்பது என்று பெரும்பகுதி வேலையைக் குழந்தையின் கையே செய்துவிடும். அடுப்பு பத்து நிமிடம் எரிந்தால் போதும்.

திருவள்ளூர் மாவட்டம் திருவாலங்காடு ஒன்றியத்தில் இதைச் செய்து பார்க்கத் தகுந்த இடம் அங்கன்வாடி மையம். அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. 1982 ஜூலையில் வந்த சத்துணவுத் திட்டம், தமிழ்நாட்டின் இரண்டு முதல் ஐந்து வயதுக் குழந்தைகளுக்கும் மதிய உணவைக் கொண்டுவந்தது. ஆகவே சமையலும் முன்பருவக் கல்வியும் ஒரே கூரையின் கீழ் நடக்கின்றன. குழந்தை பெரும்பாலும் தட்டு வந்த பிறகுதான் உணவைப் பார்க்கிறது. அதற்கு முந்தைய வேலைகளில் சிலவற்றை அதன் கைக்குக் கொடுப்பதே இந்தப் பயிற்சி. 1939இல் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்த மரியா மாண்டிசோரியின் முறையிலும், ஊற்றுவது, கழுவுவது, துடைப்பது போன்ற உண்மையான வீட்டு வேலைகளுக்கு முக்கிய இடம் உண்டு.

பத்துக் குழந்தைகளுக்கு 200 கிராம் பச்சைப்பயறு, இரண்டு கேரட், ஒரு எலுமிச்சம்பழம், கொஞ்சம் தேங்காய்த் துருவல், கொத்தமல்லி, உப்பு போதும். ஒரு வெள்ளைத் துணி, உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் டப்பா, ஒரு ரப்பர் பேண்ட் ஆகியவற்றையும் எடுத்து வைக்க வேண்டும்.

முதல் நாள் காலை. சோப்புப் போட்டு 20 விநாடியாவது கை கழுவிய பிறகு, குழந்தைகளை நாலைந்து பேராகத் தரையில் வட்டமாக உட்கார வைக்கலாம். அகலமான தட்டில் பயறைப் பரப்பி, கல், தூசி, சொத்தைப் பயறு ஆகியவற்றைப் பொறுக்கச் சொல்ல வேண்டும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து செய்யும் இந்த வேலை, பின்னால் பென்சில் பிடிப்பதற்கு நல்ல பயிற்சி. இங்கே பெரியவரின் கண் அகலக் கூடாது. இந்த வயதில் பயறு மூக்குக்கும் காதுக்கும் போய்விடும். அதனால்தான் சிறு குழுவாகச் செய்ய வேண்டும்.

சுத்தம் செய்த பயறைச் சிறிய டம்ளரால் எண்ணி எண்ணி டப்பாவில் போட வேண்டும். பயறு நிற்கும் மட்டத்தில் ரப்பர் பேண்டை மாட்டிவிட்டு, அதைப் போல மூன்று பங்கு தண்ணீர் ஊற்றி, குழந்தைகளின் பார்வை படும் இடத்தில் வைத்துவிடலாம். மதியச் சாப்பாடும் தூக்கமும் முடிந்து எழும்போது பயறு ரப்பர் பேண்டைத் தாண்டி மேலே வந்திருக்கும். "காலையில் எங்கே இருந்தது, இப்போது எங்கே இருக்கிறது?" என்ற கேள்வி போதும். காரணத்தைப் பெரியவர் முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் குழந்தை யோசிப்பதை நிறுத்திவிடும். பிறகு தண்ணீரை வடித்து, துணியில் தளர்வாகக் கட்டி வைக்க வேண்டும். முடிச்சை உதவியாளர் போடட்டும். துணியின் நான்கு முனைகளை நான்கு குழந்தைகள் பிடிக்கட்டும்.

இரண்டாம் நாள் காலை மூட்டையைப் பிரிப்பதுதான் இந்தப் பாடத்தின் உயிர். ஆளுக்கு ஒரு பயறை உள்ளங்கையில் வைத்துப் பார்க்க நேரம் கொடுக்க வேண்டும். தோல் கிழிந்து, வெள்ளையாக ஒரு நுனி வளைந்து எட்டிப் பார்க்கும். "வால் முளைச்சிருக்கு" என்று சொல்லும் குழந்தையைத் திருத்த வேண்டாம். அது வேர் என்பது பிறகு தெரிந்தால் போதும். ஆந்திர எல்லையை ஒட்டிய பகுதி என்பதால், வீட்டில் தெலுங்கு பேசும் குழந்தை பயறைப் 'பெசலு' என்றால் அந்தப் பெயரையும் எல்லோரும் சேர்ந்து சொல்லிப் பார்க்கலாம். சித்திரை, வைகாசி வெயிலில் ஒரே இரவில் முளை வந்துவிடும். அதற்கு மேல் வைத்தால் பிசுபிசுத்து வாடை அடிக்கும். மார்கழியில் இன்னொரு நாள் காத்திருக்க நேரலாம். வாடை வந்த பயறைத் தயங்காமல் கொட்டிவிட வேண்டும்.

முளைப்பயறைச் சிறு குழந்தைகளுக்குப் பச்சையாகக் கொடுக்கக் கூடாது. முளைக்கத் தேவையான ஈரமும் வெதுவெதுப்பும் நோய்க்கிருமிகள் பெருகவும் ஏற்றவை. நன்றாக அலசி, விரலால் அழுத்தினால் மசியும் வரை ஆவியில் வேகவைக்க வேண்டும். அந்த நேரத்தில் குழந்தைகள் அடுப்பிலிருந்து தள்ளி, வேறு இடத்தில், தங்கள் பங்கு வேலையில் இருக்க வேண்டும். மூன்று வயதினர் கொத்தமல்லி கிள்ளலாம். நான்கு வயதினர் விதை நீக்கிய எலுமிச்சை மூடியைப் பிழியலாம். ஐந்தை நெருங்கியவர்கள் கேரட்டைக் கழுவித் தரலாம். துருவுவது பெரியவர் வேலை. எலுமிச்சைச் சாறு ருசிக்கு மட்டும் சேர்ப்பதில்லை: பயறில் உள்ள இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்ள அதன் வைட்டமின் சி உதவுகிறது. பயறு கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் கொட்டி, ஆளுக்கு ஒரு முறை கரண்டியால் கிளறச் சொல்லலாம். சிந்தும். சிந்தியதைத் துடைக்க ஒரு துணியும் வேலையோடு சேர்த்தே வைக்க வேண்டும்.

சாப்பிடும்போது வற்புறுத்தல் கூடாது. முகர்ந்து பார்த்து வைத்துவிடும் குழந்தையை விட்டுவிடலாம். புதிய உணவை ஏற்றுக்கொள்ளச் சில குழந்தைகளுக்குப் பத்து முறைக்கு மேலும் பழக வேண்டியிருக்கும். தான் பொறுக்கி, தான் பிழிந்த உணவுக்கு அந்தத் தயக்கம் சற்றுக் குறைவு.

சில எச்சரிக்கைகள். பயறு, முட்டை, வேர்க்கடலை ஒவ்வாத குழந்தை உண்டா என்று முதல் நாளே வீட்டில் கேட்டுக்கொள்ள வேண்டும். காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு உள்ள குழந்தை பொதுப் பாத்திரத்தில் கை வைக்கக் கூடாது. மூன்று வயதுக்குக் குறைந்தவர்களுக்கு வெந்த பயறையும் மசித்தே கொடுப்பது நல்லது. வேர்க்கடலை இந்தப் பக்கத்து வயல்களில் விளைந்தாலும், முழுக் கடலை மூச்சுக்குழலில் சிக்கக்கூடியது. ஐந்து வயது வரை பொடித்துத்தான் சேர்க்க வேண்டும்.

பள்ளிகளில் 'அடுப்பில்லா சமையல்' என்ற பெயரில் பிஸ்கட்டும் கிரீமும் சாக்லேட்டும் அடுக்குவதை ஆரோக்கிய உணவு என்று சொல்ல முடியாது. கரும்பு விளையும், கூட்டுறவு சர்க்கரை ஆலை இயங்கும் திருவாலங்காட்டில் இனிப்புக்கு வெல்லம் எளிதாகக் கிடைக்கும். அதையும் கட்டுப்பாட்டோடுதான் சேர்க்க வேண்டும். உடலுக்கு வெல்லமும் ஒரு சர்க்கரையே.

பயறு பழகிய பிறகு, முட்டை போடும் நாளில் அவித்த முட்டையை ஆறவைத்துக் குழந்தைகளையே உரிக்கச் சொல்லலாம். அடுத்து கேழ்வரகு மாவைப் பிசைந்து கொழுக்கட்டை பிடிப்பது, அவித்த உருளைக்கிழங்கை மசிப்பது, வாழைப்பழத்தை ஸ்பூனால் வெட்டுவது என்று வாரத்துக்கு ஒன்றாகச் சேர்க்கலாம். காலையில் சென்னை மின்சார ரயிலையோ தொழிற்சாலைப் பேருந்தையோ பிடிக்க ஓடும் வீடுகளில் நீண்ட செய்முறை எடுபடாது. மாலையில் அழைத்துப் போக வருபவரிடம், நாளைக்குக் காலை பயறை அலசும் வேலையை மட்டும் குழந்தைக்குக் கொடுக்கும்படி சொல்லி அனுப்பினால் போதும்.