பிரிட்டனில் இருக்கும் துணையைப் பார்க்க அடிக்கடி போகிறீர்களா? விசிட்டர் விசாவுக்கு ஒரு வழிகாட்டி

கணவர் லெஸ்டரில், மனைவி சென்னையில். அல்லது காதலி லண்டனில், காதலர் கொழும்பில். குடியேறும் முடிவு எடுக்க இன்னும் காலம் இருக்கிறது; அதுவரை ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும். இப்படிப்பட்டவர்கள் கையில் எடுப்பது பிரிட்டனின் 'ஸ்டாண்டர்ட் விசிட்டர்' விசா.

இந்தத் தேவை இப்போது கூடியிருக்கிறது. 2024 ஜனவரி முதல் தொடங்கிய சாதாரண முதுகலைப் படிப்புகளுக்குச் செல்லும் மாணவர்கள் துணையைத் தங்களோடு அழைத்துக்கொள்ள முடியாது; ஆராய்ச்சிப் படிப்பினருக்கும் சில அரசு உதவித்தொகை பெறுவோருக்கும்தான் அந்த வாய்ப்பு. 2024 மார்ச் 11 முதல் விண்ணப்பிக்கும் பராமரிப்புப் பணியாளர்களுக்கும் அந்தக் கதவு அடைக்கப்பட்டது. ஆகவே விசிட்டர் விசாவையே நம்பும் தம்பதிகள் பலர்.

முதலில் ஒரு வதந்தியைத் தீர்த்துக்கொள்வோம். 'ஆண்டுக்கு 180 நாள் வரை இருக்கலாம்' என்று பலரும் சொல்வார்கள். அப்படி ஒரு கணக்கு பிரிட்டன் விதியில் இல்லை. ஷெங்கன் நாடுகளில் 180 நாளுக்குள் 90 நாள் என்று திட்டவட்டமான எண்ணிக்கை உண்டு. பிரிட்டனில் ஒரு பயணத்துக்கு அதிகபட்சம் ஆறு மாதம் என்பது மட்டுமே வரம்பு. அதற்கு மேல் அதிகாரி பார்ப்பது ஒரே கேள்வியை: இவர் வந்து போகிறாரா, அல்லது அடுத்தடுத்த பயணங்கள் என்ற பெயரில் இங்கேயே வாழ்கிறாரா? கீழே உள்ள படிகள் எல்லாம் அந்தக் கேள்விக்கான பதிலைத் தயார்செய்வதற்கே.

படி 1: உங்களுக்கு எந்த அனுமதி தேவை?

இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் புறப்படுவதற்கு முன்பே விசா பெற வேண்டும். சிங்கப்பூர், மலேசியப் பாஸ்போர்ட்டுக்கு விசா தேவையில்லை. இடிஏ எனப்படும் மின்னணுப் பயண அனுமதி போதும். 2025 ஏப்ரல் நிலவரப்படி அதன் கட்டணம் 16 பவுண்டு. இரண்டு ஆண்டு அல்லது பாஸ்போர்ட் முடியும் வரை, எது முந்தியோ அதுவரை செல்லும். ஆனால் இடிஏ கையில் இருப்பதாலேயே உள்ளே விட்டுவிடுவார்கள் என்பதில்லை. 'வந்து போகிறாரா, வாழ்கிறாரா' என்ற கேள்வி இடிஏவில் வருபவர்களுக்கும் உண்டு.

அங்கே போய்த் திருமணப் பதிவு செய்துகொள்ளலாம் என்ற எண்ணம் இருந்தால் சாதாரண விசிட்டர் விசாவோ இடிஏயோ உதவாது. திருமணத்துக்கு நோட்டீஸ் கொடுப்பதற்கே 'மேரேஜ் விசிட்டர்' விசா வேண்டும். அதிலும் திருமணம் முடிந்ததும், பிரிட்டனுக்கு வந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் நாடு திரும்பியாக வேண்டும். திருமணம் செய்து அங்கேயே தங்க நினைப்பவர்களுக்கு நிச்சயிக்கப்பட்டவர்களுக்கான விசா தனியாக இருக்கிறது. ஊரில் திருமணம் பதிவு செய்துவிட்டுத் துணைவர் விசாவுக்கு விண்ணப்பிப்பதும் வழக்கமான பாதை.

படி 2: ஓர் ஆண்டின் பயணங்களை மொத்தமாகத் திட்டமிடுங்கள்

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான படி. அதிகாரிகளுக்கான வழிகாட்டுதலில் பார்க்கச் சொல்லியிருப்பவை இவை:

- கடந்த 12 மாதத்தில் எத்தனை முறை வந்தார், ஒவ்வொரு முறையும் எவ்வளவு காலம் தங்கினார்
- ஒரு பயணத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே எவ்வளவு இடைவெளி
- சொந்த நாட்டில் கழித்த காலம் அதிகமா, பிரிட்டனில் கழித்த காலம் அதிகமா
- சொந்த நாட்டில் வேலை, குடும்பம், சொத்து, படிப்பு போன்ற பிணைப்புகள் உண்டா
- பிரிட்டனில் குடும்ப மருத்துவரிடம் பதிவு, பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை என்று குடியிருப்பின் அடையாளங்கள் தென்படுகின்றனவா

இரண்டு உதாரணங்களை எடுத்துக்கொள்வோம். வேலையில் இருக்கும் ஒருவர் ஏப்ரலில் இரண்டு வாரம், டிசம்பரில் மூன்று வாரம் போகிறார். இடையில் ஊரில் சம்பளம் வந்துகொண்டிருக்கிறது. இதில் கேட்க ஒன்றுமில்லை. இன்னொருவர் ஐந்தரை மாதம் தங்கி, ஊருக்கு வந்து மூன்று வாரத்தில் மறுபடியும் கிளம்புகிறார். ஒவ்வொரு முறையும் ஆறு மாதத்துக்குள் திரும்பியிருக்கிறார். ஒரு நாள்கூட மீறவில்லை. ஆனாலும் அடுத்த விண்ணப்பம் மறுக்கப்பட எல்லா வாய்ப்பும் உண்டு, ஏனென்றால் ஆண்டின் பெரும்பகுதி அவருடைய வீடு பிரிட்டனில்தான் இருந்திருக்கிறது.

விதியில் எண்ணிக்கை இல்லாததால் நீங்களே ஓர் ஒழுங்கை வைத்துக்கொள்வது நல்லது. ஒரு பயணத்தில் தங்கிய நாட்களைவிட அதிக நாட்கள் ஊரில் இருந்துவிட்டு அடுத்ததற்குக் கிளம்புங்கள். பிரசவம், அறுவைச் சிகிச்சை போன்ற காரணத்தால் ஒருமுறை நீண்டகாலம் தங்க நேர்ந்தால், அதற்கான மருத்துவக் கடிதத்தைப் பத்திரப்படுத்தி அடுத்த விண்ணப்பத்தில் சேருங்கள்.

படி 3: எத்தனை ஆண்டு விசா கேட்பது?

2025 ஏப்ரல் நிலவரக் கட்டணம் இது:

- 6 மாதம்: 127 பவுண்டு
- 2 ஆண்டு: 475 பவுண்டு
- 5 ஆண்டு: 848 பவுண்டு
- 10 ஆண்டு: 1,059 பவுண்டு

கட்டணம் அடிக்கடி மாறுவதால் விண்ணப்பிக்கும் அன்று பிரிட்டன் அரசின் இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பத்தாண்டு விசா என்றாலும் ஒரு பயணத்தில் ஆறு மாதத்துக்கு மேல் இருக்க முடியாது. நீண்டகால விசா கேட்டு, அதிகாரி குறுகியகால விசாவே கொடுத்தால் மீதிப் பணம் திரும்பாது. விசா கையில் இருக்கும்போதே, நீங்கள் அங்கே குடியிருக்கிறீர்கள் என்று எல்லையில் முடிவுசெய்தால் அதை ரத்து செய்யவும் முடியும். ஆகவே முதல் முறை ஆறு மாத விசா எடுங்கள். சொன்ன தேதியில் திரும்பி வந்த பதிவு பாஸ்போர்ட்டில் ஏறிய பிறகு இரண்டாண்டு விசா கேளுங்கள்.

படி 4: ஆவணங்களைச் சேருங்கள்

உங்கள் பக்கம்:

- வேலை, சம்பளத்தை உறுதிசெய்யும் நிறுவனக் கடிதம்; அதில் விடுப்புத் தேதிகளும் திரும்பிச் சேரும் நாளும் இருக்கட்டும்
- சுயதொழில் என்றால் பதிவுச் சான்றும் வருமான வரிக் கணக்கும்
- ஆறு மாத வங்கிக் கணக்கு அறிக்கை. விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் திடீரென்று பெருந்தொகை வந்திருந்தால், அது எங்கிருந்து வந்தது என்பதற்கு ஆதாரம் வேண்டும்
- வீடு, படிப்பு, உங்களைச் சார்ந்த பெற்றோர் அல்லது பிள்ளைகள் பற்றிய சான்றுகள்

துணையின் பக்கம்:

- பாஸ்போர்ட் நகல் அல்லது குடியேற்ற நிலைக்கான சான்று
- சம்பளச் சீட்டு, வங்கி அறிக்கை, வீட்டு வாடகை ஒப்பந்தம்
- அழைப்புக் கடிதம்

செலவைத் துணை ஏற்பதற்குத் தடையில்லை. அவர் குடியேற்ற விதிகளை மீறாதவராகவும், உண்மையிலேயே தாங்கக்கூடிய வருமானம் உள்ளவராகவும் இருக்க வேண்டும். அழைப்புக் கடிதத்தில் உறவு எத்தனை ஆண்டுப் பழக்கம், இந்தப் பயணத்தின் தேதிகள், தங்குமிடம், யார் எந்தச் செலவை ஏற்கிறார், இதற்கு முந்தைய பயணங்களின் தேதிகள் எல்லாம் வரட்டும். ஒரு பக்கம் போதும். உருக்கமான வரிகளைவிடத் தேதிகளே அங்கே எடுபடும்.

தமிழில் உள்ள சான்றுகளுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு அவசியம். விசா வருவதற்கு முன் விமான டிக்கெட்டைக் காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை. உத்தேசத் தேதிகள் போதும்.

படி 5: விண்ணப்பத்தில் எதையும் மறைக்காதீர்கள்

பயணத் தேதிக்கு மூன்று மாதம் முன்னதாக ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். பிறகு சென்னை, கொழும்பு போன்ற இடங்களில் உள்ள விசா விண்ணப்ப மையத்தில் கைரேகையும் புகைப்படமும் கொடுக்க வேண்டும். முடிவு வழக்கமாக மூன்று வாரத்தில் வரும்.

பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 'துணை அங்கே இருக்கிறார் என்றால் விசா தரமாட்டார்கள், சுற்றுலா என்றே போடுங்கள்' என்று யாராவது ஆலோசனை சொல்வார்கள். ஏஜென்ட்களும் சொல்வதுண்டு. கேட்காதீர்கள். துணை அங்கே இருப்பது மறுப்புக்கான காரணம் அல்ல. குடும்பத்தைப் பார்க்கப் போவது விதியே அனுமதிக்கும் நோக்கம். பொய் சொன்னது தெரிந்தால் பத்தாண்டுத் தடை வரலாம். பின்னாளில் துணைவர் விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது அந்தப் பொய்யும் கூடவே வந்து நிற்கும். வேறு நாடுகளில் மறுக்கப்பட்ட விசாக்களையும் கேட்ட இடத்தில் சொல்லிவிடுங்கள். ஏஜென்ட் நிரப்பிக் கொடுத்தாலும் ஒவ்வொரு வரியையும் நீங்கள் படித்துப் பார்த்த பிறகே சமர்ப்பியுங்கள், பொறுப்பு உங்களுடையது.

படி 6: எல்லையிலும், தங்கியிருக்கும்போதும்

விசா இருந்தாலும் ஹீத்ரோ விமான நிலையத்தில் அதிகாரி கேள்வி கேட்கலாம். யாரைப் பார்க்க வந்தீர்கள், எத்தனை நாள், போன முறை எப்போது, ஊரில் என்ன வேலை? வெளியே காத்திருக்கும் துணையைத் தொலைபேசியில் அழைத்து அதே கேள்விகளைக் கேட்பதும் உண்டு. இருவர் பதிலும் ஒத்துப்போக வேண்டுமென்றால் திட்டம் இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். திரும்பும் டிக்கெட், அழைப்புக் கடிதம், விடுப்புக் கடிதம் மூன்றையும் கைப்பையில் வையுங்கள். செக்-இன் பெட்டியில் போட்டுவிடாதீர்கள்.

தங்கியிருக்கும்போது வேலை பார்க்கக்கூடாது. சம்பளம் வாங்காமல் தெரிந்தவர் கடையில் கல்லாவில் நிற்பதும் வேலைதான். ஊரில் உள்ள உங்கள் நிறுவன வேலையை லேப்டாப்பில் பார்ப்பதற்கு 2024 ஜனவரி 31 முதல் அனுமதி உண்டு; ஆனால் அதுவே பயணத்தின் முதன்மை நோக்கமாக இருக்கக்கூடாது.

பயணக் காப்பீடு எடுத்துக்கொள்ளுங்கள். விசிட்டர்களுக்குத் தேசிய சுகாதாரச் சேவையின் மருத்துவமனைச் சிகிச்சை பொதுவாகக் கட்டணத்துக்கு உட்பட்டது. அந்தக் கட்டணம் வழக்கமான விலையில் 150 சதவீதம்.

ஆறு மாதத்தைத் தாண்டித் தங்காதீர்கள். 30 நாளுக்கு மேல் மீறித் தங்கினால், சொந்தச் செலவில் தாமாகவே வெளியேறியவருக்கும் 12 மாதத் தடை உண்டு. அதற்குக் குறைவான மீறலும் அடுத்த விண்ணப்பத்தில் கேள்வியாக வரும்.

படி 7: மறுத்துவிட்டால்

விசிட்டர் விசா மறுப்புக்குப் பொதுவாக மேல்முறையீடு கிடையாது. புதிய கட்டணம் செலுத்தி மறுபடி விண்ணப்பிக்கலாம். அதற்குக் காத்திருப்புக் காலம் எதுவும் இல்லை. ஆனால் அதே காகிதங்களை மறுநாளே அனுப்பினால் அதே பதில்தான் வரும். மறுப்புக் கடிதத்தில் உள்ள ஒவ்வொரு காரணத்தையும் எண் போட்டு எழுதி, ஒவ்வொன்றுக்கும் புதிய ஆதாரம் கிடைத்த பிறகு விண்ணப்பியுங்கள். 'அடிக்கடி வருகிறார்' என்பதே காரணம் என்றால், சில மாதம் ஊரில் இருந்து வேலை பார்ப்பதைவிட வலுவான ஆதாரம் வேறில்லை.

படி 8: எப்போது பாதையை மாற்றுவது?

விசிட்டராக உள்ளே போனபின் அங்கிருந்தபடியே துணைவர் விசாவுக்கு மாற முடியாது. நாடு திரும்பித்தான் விண்ணப்பிக்க வேண்டும். துணை பிரிட்டிஷ் குடிமகனாகவோ நிரந்தர வசிப்புரிமை பெற்றவராகவோ இருந்தால், 2024 ஏப்ரல் 11 முதல் புதிதாக விண்ணப்பிப்போருக்குத் தேவையான ஆண்டு வருமானம் பொதுவாக 29,000 பவுண்டு. திருமணம் ஆகாதவர்கள் திருமணத்துக்கு ஒப்பான உறவில் குறைந்தது இரண்டு ஆண்டு இருந்ததைக் காட்ட வேண்டும். இங்கேதான் பழைய பயணங்கள் கைகொடுக்கும்: போர்டிங் பாஸ், பாஸ்போர்ட் முத்திரை, சேர்ந்து எடுத்த படங்கள் எல்லாம் உறவுக்குச் சான்று. முதல் பயணத்திலிருந்தே ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள்.

ஆண்டில் பாதிக்கு மேல் துணையோடு இருக்கவேண்டும் என்று இருவருக்கும் தோன்றத் தொடங்கினால், விசிட்டர் விசாவின் வேலை முடிந்தது என்று பொருள். அதை இழுத்துப் பிடித்து மறுப்புகளைச் சேர்த்துக்கொள்ளாமல், அந்தப் பணத்தையும் பொறுமையையும் குடும்ப விசாவில் போடுங்கள். உங்கள் வழக்கில் பழைய தடையோ மறுப்போ இருந்தால், பிரிட்டனில் பதிவுபெற்ற குடியேற்ற ஆலோசகரிடம் ஒருமுறை காட்டிவிட்டுப் பிறகு விண்ணப்பியுங்கள்.