மைக் பிடிக்கப்போகும் பிள்ளைகளுக்கு

விஜய் டிவியில் 2005-இல் ‘கலக்கப்போவது யாரு’ வந்ததிலிருந்து, காமெடி ஆடிஷன் என்றால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் வரிசையில் நிற்கிறார்கள். மேடைக்குப் பின்னால் ஸ்கிரிப்ட் திருத்துகிற கிழவன் நான். தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் சில சொல்ல வேண்டியிருக்கிறது.

1. பொண்டாட்டி ஜோக்கைத் தொடாதீர்கள். மீசை அரும்பாத பையன் மைக்கைப் பிடித்து, “எம் பொண்டாட்டி இருக்காளே...” என்று ஆரம்பிக்கும்போது எனக்குப் பகீரென்கிறது. யாரோ நாற்பது வயது ஆள் எழுதிப் பழசாக்கிய சரக்கு அது. உங்கள் வீட்டில் இல்லாத கூத்தா? பிளஸ் ஒன்னில் எந்த குரூப் எடுப்பது என்று சித்தப்பா முதல் பால்காரர் வரை தீர்ப்பு சொல்கிறார்கள். டியூஷனுக்கு டியூஷன் வைக்கிறார்கள். அப்பா வாட்ஸ்அப்பில் வந்த வைத்தியத்தை உங்கள் மேல்தான் சோதிக்கிறார். இதையெல்லாம் ஐம்பது வயதுக்காரன் எழுத முடியாது, பார்த்து நாளாகிவிட்டது. மிமிக்ரி வந்தால் நல்லதுதான். சிவகார்த்திகேயனும் திருச்சியிலிருந்து மிமிக்ரியோடு வந்து ‘கலக்கப்போவது யாரு’ மேடை ஏறியவர்தான். குரல் உள்ளே விடும். உள்ளே போனபிறகு பேச விஷயம் வேண்டும்.

2. கறுப்பு, குண்டு, சொட்டை, திக்குவாய். இவற்றை வைத்துச் சிரிக்கவைப்பது சுலபம். அதனால்தான் வேண்டாம் என்கிறேன்.

3. சிரிப்பு வரவேண்டிய சொல்லைக் கடைசியில் வையுங்கள். தமிழில் வினைச்சொல் வாக்கியத்தின் வாலில் போய் உட்கார்ந்துகொள்ளும். பன்ச் அதற்கு முன்னாலேயே செத்துவிடும். “அப்பா மார்க் ஷீட்டைப் பார்த்தாரு. என்னைப் பார்த்தாரு. அப்புறம் எருமையப் பார்த்தாரு.” சுமார்தான். இப்போது இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “மார்க் ஷீட்டைப் பார்த்தாரு. என்னைப் பார்த்தாரு. அப்புறம் பார்த்தாரு... எருமைய.” சொல்லிவிட்டு வாயை மூடுங்கள். ஜனம் சிரித்து முடிக்கும்வரை அடுத்த வரி கிடையாது. இந்தப் பொறுமை வருவதற்குத்தான் வருஷங்கள் ஆகின்றன. எழுதிப் பழகவும் வேண்டும்; கிரேஸி மோகன் பொறியியல் படித்துக்கொண்டிருந்தபோதே கல்லூரிப் போட்டிக்கு நாடகம் எழுதியவர்.

4. டிவியில் கேட்கும் சிரிப்பை நம்பாதீர்கள். ஜட்ஜ் விழுந்து விழுந்து சிரிக்கும் ஷாட் உங்கள் ஜோக்குக்கானதாக இருக்கவேண்டும் என்ற கட்டாயமில்லை. எடிட்டர் நினைத்தால் எங்கும் ஒட்டலாம். உங்களுக்கு எந்த விதத்திலும் கடமைப்படாத கூட்டத்தின் முன் முதலில் நில்லுங்கள். ஊர்த் திருவிழா, ஆண்டுவிழா, கல்யாண வீட்டு முதல்நாள் ராத்திரி. உடம்பெல்லாம் பெயின்ட் பூசிக்கொண்டு ஊர் ஊராக ரோபோ ஆடித்தான் ரோபோ சங்கருக்கு அந்தப் பெயரே வந்தது.

5. இது பெற்றோருக்கும். 14 வயது நிரம்பாத பிள்ளையை நாளுக்கு 5 மணி நேரத்துக்கு மேலோ, ஓய்வில்லாமல் 3 மணி நேரத்துக்கு மேலோ நடிக்கவைக்கக் கூடாது என்கின்றன 2017-ஆம் ஆண்டு குழந்தைத் தொழிலாளர் விதிகள். சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதம் பிள்ளை பெயரில் வங்கி வைப்பாகப் போகவேண்டும். சேனலில் கேட்டால் முகம் சுளிப்பார்கள். கேளுங்கள்.

6. புரியாத வரியைப் பேசாதீர்கள். 2022 ஜனவரியில் ஜீ தமிழின் ‘ஜூனியர் சூப்பர் ஸ்டார்ஸ்’ மேடையில் சிறுவர்கள் ஒரு ராஜா கதையை நடித்தார்கள். பிரதமரைக் கிண்டல் செய்கிறது என்று பா.ஜ.க. புகார் கொடுக்க, ஒன்றிய அமைச்சகம் சேனலிடம் விளக்கம் கேட்டது. ராஜாவைக் கிண்டல் செய்யாவிட்டால் கோமாளிக்கு என்ன வேலை என்று கேட்பவன் நான். ஆனால் நோட்டீஸ் சேனலுக்கு வந்தாலும், ஊரெல்லாம் சுற்றிய வீடியோவில் இருந்தது பிள்ளைகளின் முகம். எழுதிக் கொடுத்த அண்ணனிடம், “இது யாரை, எதுக்குண்ணே?” என்று கேட்டுவிடுங்கள். தெரிந்த பிறகும் பேசத் தோன்றினால், தைரியமாகப் பேசுங்கள்.

7. ஷூட்டிங் இழுத்தடிக்கும். மறுநாள் பரீட்சை இருந்தால் முதல்நாளே ஃப்ளோர் மேனேஜரிடம் சொல்லி, உங்கள் ரவுண்டை முன்னால் போடச் சொல்லுங்கள்.