எழுத்தின் வடிவம் கற்போம்

எழுத்தை ஒலியாக ஆராய்ந்து பழகியவர்கள் நாம். பிறப்பிடம், மாத்திரை, புணர்ச்சி என்று ஆண்டுக்கணக்கில் படிக்கும் தமிழ் மாணவர், தாம் நாள்தோறும் காணும் எழுத்தின் வடிவத்தைப் பற்றி ஒரு மணி நேரமேனும் சிந்திப்பதில்லை. வடிவமைப்புப் பயிலப் புகும் இளைஞருக்கோ முதற்பாடமே எழுத்துருக் கலைதான். இவ்விரு சாராரும் சந்திக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு என்பதே இக்கட்டுரையின் கருத்து.

இக்கருத்து எனக்கு நூலிலிருந்து வந்ததன்று. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விழா மலரின் பக்கங்களை அமைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. பக்கச் செலவைக் குறைக்க எழுத்தை 9 பாயிண்டாகச் சுருக்கினேன். அழகுக்கென்று பின்புலத்தில் சாம்பல் வண்ணத்தில் ஒரு படமும் இட்டேன். அம்மலரில் தம் ஆசிரியரைப் பற்றி எழுதியிருந்த முதியவர் ஒருவர், விழா முடிந்ததும் என்னிடம் வந்து, "தம்பி, நான் எழுதியதுதான், ஆனாலும் என் கண்ணுக்கு எட்டவில்லை. நீங்களே வாசித்துக் காட்டுங்கள்" என்றார். வாசித்துக் காட்டினேன். அன்று பட்ட வெட்கமே என்னை இக்கலையின் பக்கம் திருப்பியது.

முதலில் அளவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாயிண்ட் என்பது எழுத்தை அளக்கும் அலகு. அதைப் 'புள்ளி' என்று தமிழாக்கினால் மெய்யெழுத்தின் புள்ளியோடு குழம்பும். ஆகவே வந்த சொல்லாகவே வைத்துக்கொள்வோம். இன்றைய கணினிக் கணக்கில் ஓர் அங்குலத்துக்கு 72 பாயிண்ட்; 12 பாயிண்ட் என்பது ஏறத்தாழ 4.2 மில்லிமீட்டர். ஆனால் இந்த அளவு எழுத்தின் முகத்துக்கு உரியதன்று. அது அமர்ந்திருக்கும் உடலுக்கு உரியது. ஈய எழுத்துக் காலத்தில் அந்த உடல் கையில் பிடிக்கத்தக்க கட்டையாக இருந்தது. இன்று அது கண்ணுக்குத் தெரியாத கட்டம். தமிழில் மேலே விலங்கும் புள்ளியும், கீழே உகர ஊகாரக் கீற்றுகளும் அதே கட்டத்துள் அடங்க வேண்டும். எனவே 12 பாயிண்டில் அமைத்த இரண்டு எழுத்துருக்களுள் ஒன்று பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் தோன்றுவது இயல்பு. எண்ணை நம்பாமல் அச்சிட்ட தாளைக் கண்ணால் பார்த்து முடிவு செய்க.

அளவின் அருமையை நம் அச்சு வரலாறே காட்டுகிறது. 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' பதினாறு பக்கங்களில் அச்சாயிற்று. அதன் இறுதிப் பக்கத்தில் 1577இல் கோவாவில் செய்த எழுத்தும், 1578இல் கொல்லத்தில் செய்த எழுத்தும் தனித்தனியே காட்டப்பட்டுள்ளன. ஓராண்டு இடைவெளியில் ஒரே மொழிக்கு இரண்டு வடிவங்கள்! பின்னர் தரங்கம்பாடிக்கு 1713இல் ஜெர்மனியின் ஹாலே நகரத்திலிருந்து தமிழ் எழுத்துகள் வந்து சேர்ந்தன. அவை பெரியவை, தாளை விழுங்கின, தாளோ கிடைத்தற்கு அரியது. ஆகவே அங்கேயே சிறிய எழுத்துகளை வார்க்க நேர்ந்தது. 1715இல் முடிவுற்ற தமிழ்ப் புதிய ஏற்பாட்டின் அச்சில் இம்மாற்றம் இடம்பெற்றது. தாளை மிச்சப்படுத்தவே நானும் எழுத்தைச் சுருக்கினேன். ஆனால் அவர்கள் சிறிய எழுத்தைப் புதிதாகச் செதுக்கினார்கள், நான் பெரியதைக் கணினியில் நசுக்கினேன். நன்கு அமைந்த எழுத்துரு சிற்றளவில் கண்களைத் திறந்து வைத்திருக்கும், நசுக்கியது மூடிக்கொள்ளும். 'ண'கரத்தின் சுழிகளை மட்டமான தாளில் சிறிதாக அச்சிட்டுப் பாருங்கள். மை பரவி, அது 'ண'வா 'ன'வா என்று ஐயுற வேண்டியிருக்கும்.

இனி வேற்றுமை உணர்தல். இதுவே தமிழ் எழுத்துருவில் சுவை மிக்க பகுதி. பனையோலையில் பொதுவாகப் புள்ளியிடுவதில்லை. எழுத்தாணி ஓலையைக் கிழித்துவிடும் என்பது அதற்குக் கூறப்படும் காரணம். தொல்காப்பியம் மெய்க்கும், எகர ஒகரக் குறில்களுக்கும் புள்ளி விதித்திருந்தும், ஓலையைப் படிப்பவர் இடம் நோக்கி ஊகித்தே படித்தார். குறிலையும் நெடிலையும் பிரித்துக் காட்ட இரட்டைக் கொம்பும் ஏகார வடிவும் பிறந்தன. இச்சீர்திருத்தத்தை வீரமாமுனிவருக்கு உரியதாகச் சொல்வது மரபு. 'ர'வும் காலும் வேறுபாடின்றி இருந்த நிலை மாறி, 'ர'வின் அடியில் ஒரு சாய்கீற்று வந்தது. இத்தனைக்குப் பின்னும் ஒரு குழப்பம் எஞ்சியிருக்கிறது. 'கௌ' என்னும் ஔகார உயிர்மெய்யையும், 'கெ', 'ள' என்னும் இரண்டெழுத்துகளையும் அடுத்தடுத்து எழுதுங்கள். பல எழுத்துருக்களில் வேற்றுமையே தெரியாது. ஔகாரக் குறியைச் சற்றே சிறிதாக்கிக் காட்டும் எழுத்துரு எதுவோ, அதை வடித்தவர் தமிழறிந்து வடித்தார் எனலாம்.

வடிவத்தைக் குறைப்பதும் அச்சின் தேவையே. பெரியார் 1935இல் 'குடி அரசு' இதழில் ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலானவற்றின் தனி வடிவங்களை நீக்கி, ஏனைய எழுத்துகளைப்போல் காலும் ஐகாரக் குறியும் இட்டு அச்சிட்டார். தமிழ்நாடு அரசு அதை 1978இல் ஏற்றது. பழைய யானைத் துதிக்கை 'லை'யைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதன்மேல் இன்றும் ஓர் ஆசை இருக்கிறது, எனக்கும் உண்டு. ஆயினும் அச்சுக்கோப்பவர் பெட்டியில் அறைகள் குறைந்தது நன்மையே.

வரியமைப்பில் ஒரு நுட்பம். தமிழ்ச் சொற்கள் நீண்டவை. குறுகிய பத்தியில் இரு ஓரங்களையும் நேராக்க முயன்றால் சொற்களுக்கிடையே பள்ளங்கள் விழும். பழைய அச்சுக்கோப்பாளர் சொல்லைத் தயங்காது முறித்தார், இணைகோடும் இடமாட்டார். எனினும் மெய்யெழுத்தால் ஒரு வரியைத் தொடங்க விடமாட்டார். மெய் மொழிக்கு முதலாகாது என்ற இலக்கண அறிவு அவர் விரல்நுனியில் இருந்தது. இன்று சில மென்பொருள்கள் கொம்பை ஒரு வரியிலும் அதற்குரிய மெய்யை அடுத்த வரியிலும் பிரித்துவிடுகின்றன. அதைக் கண்டு திடுக்கிடும் கண்ணைத்தான் வடிவமைப்பு மாணவர் தமிழ்த்துறையிடம் கடனாகப் பெற வேண்டும். வரிகளுக்கிடையே இடமும் தாராளமாக வேண்டும். மேல்வரியின் 'கூ' கீழ்வரியின் 'கீ'யோடு முட்டக்கூடாது.

தமிழுக்குத் தலைப்பெழுத்து என்று தனியே இல்லை, அரபிக்கும் இல்லை. எனவே ஒன்றைச் சிறப்பித்துக் காட்டத் தடிமன், அளவு, இடைவெளி ஆகியவற்றையே நாட வேண்டும். ஆங்கில வழக்கைப் பின்பற்றித் தமிழெழுத்தைச் சாய்த்து வைப்பதை நான் விரும்புவதில்லை. அரபி வாசகத்தைத் தமிழ் வரியினுள் அமைக்கும்போது அதே பாயிண்டில் அமைத்தால் அது சுருங்கித் தெரியும், சற்றுப் பெரிதாக்குக. நம் முன்னோர் அரபுத் தமிழ் நூல்களைப் பெரிதும் கல்லச்சில் வெளியிட்டதற்கும் வடிவக் காரணம் உண்டு. சொல்லில் நிற்கும் இடத்துக்கேற்ப உரு மாறும் எழுத்துகளையும், தமிழொலிகளுக்கென்று கூடுதல் குறியிட்ட எழுத்துகளையும் ஈயத்தில் வார்ப்பது பெருஞ்செலவு. கல்லச்சிலோ எழுதுபவர் கை எழுதியபடியே பதிந்தது.

தொடக்க மாணவர் செய்யத்தக்க பயிற்சி ஒன்றைச் சொல்கிறேன். 'நூலகத்தின் கீழறை' என்னும் தொடரைப் பழைய நூல், நாளிதழ், பேருந்துப் பலகை, திருமண அழைப்பிதழ் ஆகியவற்றின் எழுத்துகளைப் பார்த்துப் பென்சிலால் வரையுங்கள். சுழி எங்கே தொடங்குகிறது, தடிப்பு எங்கே மெலிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு வரியின் கீழ்ப்பாதியை அட்டையால் மறைத்துப் படியுங்கள். அடுத்து மேற்பாதியை மறைத்துப் படியுங்கள். எந்த எழுத்து எப்பாதியால் பிழைத்திருக்கிறது என்பது தெரியும். அதன்பின் இந்த மலரின் இதே பக்கத்தில் அளவுகோலை வைத்து, எழுத்தின் உயரத்தையும் வரியிடைவெளியையும் அளந்து, வீட்டிலுள்ள பெரியவரிடம் கொடுத்து மாலை விளக்கொளியில் வாசிக்கச் சொல்லுங்கள். அவர் எந்த இடத்தில் தாளைக் கண்ணருகே கொண்டு போகிறாரோ, அந்த இடத்தைக் குறித்து எங்களிடம் கொண்டு வந்து தாருங்கள்.