‘நானா’ என்று எழுதிய காகிதம்

ஓய்வுக்கு முன் ராணுவ வீரரைப் பரிசோதிக்கும் மருத்துவக் குழுவின் படிவத்தில் சிலருக்கு ஒரு சொல் விழும்: ‘நானா’. ‘பணியால் வந்ததும் இல்லை, பணியால் முற்றியதும் இல்லை’ என்பதன் ஆங்கில முதலெழுத்துகள் அவை. தமிழ்க் காதுக்கு அது வேறுமாதிரி கேட்கிறது: “உன் நோய்க்குப் பொறுப்பு நானா?” அந்தச் சொல்லைப் பார்த்ததும் டிஸபிலிட்டி பென்ஷனைக் கைகழுவிவிட்டு ஊர் வந்து சேர்ந்தவர்கள் உண்டு. கேன்டீன் வரிசையில் காதோடு காதாகப் பரவும் சில நம்பிக்கைகளும் அவர்களை வாயடைத்து வைக்கின்றன.

நம்பிக்கை: குண்டடி பட்டால்தான் கிடைக்கும்.

உண்மை: போர்க் காயத்துக்கு இதைவிடக் கூடுதலான தனிப் பென்ஷன் இருக்கிறது. நோய்க்கும் உரிமை உண்டு. 1985-ல் சிக்னல் பிரிவில் சேர்ந்த தரம்வீர் சிங், வலிப்பு நோயால் சுமார் 9 ஆண்டுகளில் வெளியே அனுப்பப்பட்டார். அது பணியால் வந்ததல்ல என்று பென்ஷனை மறுத்தார்கள். 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. சேரும்போது எழுதிய மருத்துவக் குறிப்பில் நோய் இல்லையென்றால், பின்னால் வந்தது பணியால் வந்ததென்றே கொள்ள வேண்டும். அப்படியல்ல என்று காட்டும் பொறுப்பு அரசுடையது.

நம்பிக்கை: ஊனம் 20 சதவீதம்தானே, அலைச்சல் கூலிக்குக்கூடக் காணாது.

உண்மை: கணக்குப் போட்டுப் பாருங்கள். கடைசியாக வாங்கிய சம்பளம் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஊனம் 100 சதவீதமானால் அதற்கான தொகை சம்பளத்தில் 30 சதவீதம், அதாவது 12,000. அப்படியானால் 20 சதவீதத்துக்கு 2,400தான் வர வேண்டும். ஆனால் 20-க்குக் குறையாமல், 50-க்குள் இருக்கும் ஊனத்தை 50 என்றே கணக்கிட விதி உண்டு. ஆக, மாதம் 6,000. இது சர்வீஸ் பென்ஷனுக்கு மேல், அகவிலைப்படி தனி.

நம்பிக்கை: இப்படி உயர்த்திக் கணக்கிடுவது, பாதியில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவருக்கு மட்டும்.

உண்மை: அரசு அப்படித்தான் சொல்லிவந்தது. 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. முழுச் சர்வீஸ் முடித்து ஊனத்தோடு ஓய்வு பெற்றவருக்கும் இது பொருந்தும்.

நம்பிக்கை: மருத்துவக் குழு எழுதினால் எழுதினதுதான்.

உண்மை: குழு காரணம் எழுத வேண்டும். வெறும் ‘நானா’ போதாது. துறைக்குள் மேல்முறையீடு செய்யலாம். அங்கும் கைவிரித்தால் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது. 2007-ம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த அதற்குச் சென்னையிலும் அமர்வு உண்டு. 2023 செப்டம்பர் 21 முதல் டிஸபிலிட்டி பென்ஷனுக்குப் புதிய விதிகள் வந்துள்ளன. அதன்பின் ஓய்வு பெறுபவர், புதிய வாசகத்தைப் படித்துவிட்டே மனு எழுத வேண்டும். முன்பே வந்தவர்களுக்குப் பழைய விதிதான்.

நம்பிக்கை: வருஷம் போயிற்று, இனிக் கேட்டு என்ன பயன்?

உண்மை: தர்செம் சிங் என்ற ராணுவ வீரர் 1983-ல் வெளியே அனுப்பப்பட்டார், நீதிமன்றம் போனது 1999-ல். பென்ஷன் மறுப்பு மாதாமாதம் தொடரும் தவறு என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் தாமதத்துக்கு விலை உண்டு: நிலுவை, பொதுவாக வழக்குப் போட்டதற்கு முந்தைய 3 ஆண்டுகளுக்கு மட்டுமே. அவருடைய கணக்கில் பல ஆண்டுகள் போனது போனதுதான்.

ஆகவே பெட்டியின் அடியில் கிடக்கும் காகிதங்களை இன்றே எடுங்கள். டிஸ்சார்ஜ் புத்தகம், பி.பி.ஓ. எனும் பென்ஷன் ஆணை, மருத்துவக் குழு அறிக்கை மூன்றும் வேண்டும். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் காட்டி, மனு எழுத வழி கேளுங்கள். “நானா?” என்ற கேள்விக்கு ராணுவத்தாரிடமே பதில் இருக்கிறது. படையில் சேர்ந்த அன்று ஓட விட்டு, எடை பார்த்து, நெஞ்சை அளந்து, ‘ஃபிட்’ என்று கையெழுத்துப் போட்டது அவர்கள்தானே!