கொரியன் உச்சரிப்பில் குழப்பமா? அக்கா தரும் 6 டிப்ஸ்

வகுப்பில் ஒரு மாதிரி சொல்லித் தருகிறார்கள், கே-டிராமாவில் வேறு மாதிரி பேசுகிறார்கள் என்று குழம்பாதே தங்கச்சி. எது கட்டாயம், எதில் சலுகை, எது வெறும் பேச்சு வழக்கு என்று பிரித்துக்கொள், பாதி வேலை முடிந்தது. 1988-ல் தென் கொரிய அரசு வெளியிட்ட உச்சரிப்பு விதிகளே இதற்கு வழிகாட்டும்.

1. கட்டாயத்தில் கை வைக்காதே: 'ஹப்நிதா' என்று எழுதியிருந்தாலும் வாயில் 'ஹம்நிதா'தான். இதில் பேரமே கிடையாது.

2. சலுகையைத் தாராளமாக எடுத்துக்கொள்: டாக்டருக்கு 'உஇஸா'. 'பாட்டு' என்பதன் கடைசி உகரம் போல, உதட்டைக் குவிக்காமல் 'உ' சொல்லி இகரத்துக்கு வழுக்கிப் போ. சொல்லின் முதலில் இப்படித்தான். நடுவிலோ கடைசியிலோ வந்தால் வெறும் 'இ' போதும். 'உடைய' என்ற பொருளில் வரும் உருபானால் 'எ' என்றும் சொல்லலாம். 'விரிவுரையின்' என்பதற்கு எழுத்தில் 'காங்-உஇ-உஇ'. நாக்கு சுளுக்காமல் 'காங்-இ-எ' என்று சொல்லிவிடலாம், விதியே அனுமதிக்கிறது.

3. சலுகை எல்லாச் சொல்லுக்கும் இல்லை: 'சுவையாக இருக்கிறது' என்பதற்கு விதிப்படி 'மதித்தா'. ஆனால் ஊரே 'மஷித்தா' என்பதால் அதுவும் சரி என்று ஏற்றுக்கொண்டார்கள். அதை நம்பி, 'சுவையில்லை' என்பதையும் 'மஸொப்தா' ஆக்கிவிடாதே. அது 'மதொப்தா' மட்டும்தான். கிம்பாப்பைப் பகரத்தை அழுத்தி 'கிம்ப்பாப்' என்றாலும் இப்போது தப்பில்லை.

4. தமிழ் நாக்கைக் கவனி: ஜலதோஷம் 'காம்கி'. 'மரம்' + 'கள்' 'மரங்கள்' ஆகிப் பழகிய நமக்கு இது தானாக 'காங்கி' என்று வரும். கொரியர்களும் வேகத்தில் அப்படித்தான் பேசுகிறார்கள். ஆனாலும் விதி அதை ஏற்பதில்லை. மேடைப் பேச்சிலும் நேர்காணலிலும் 'ம்' தெளிவாக வரட்டும்.

5. 'நி' என்றால் மிரளாதே: 'என்', 'உன்' இரண்டுக்கும் எழுத்து வேறு. ஆனால் இன்றைய சியோல் பேச்சில் அந்த இரண்டு உயிரொலிகளும் ஏறக்குறைய ஒன்றாகி, இரண்டுமே 'நே' என்று கேட்கும். அதனால் 'உன்' என்பதை 'நி' என்று மாற்றிச் சொல்கிறார்கள். நம்ம 'நீ' மாதிரி என்று நினைவு வைத்துக்கொள். கட்டுரையில் மட்டும் அப்படி எழுதாதே.

6. பூசான் பேச்சுக்குக் காதைப் பழக்கு: பூசான் இருக்கும் கியோங்சாங் பகுதியில் பலர், குறிப்பாகப் பெரியவர்கள், அரிசியைக் குறிக்கும் 'ஸ்ஸால்' என்பதை அழுத்தாமல் 'ஸால்' என்பார்கள். அதற்குச் சதை என்று பொருள்! இடம் பார்த்துப் புரிந்துகொள். குரலின் ஏற்ற இறக்கத்தாலேயே சொற்களைப் பிரிக்கிற வழக்கமும் அங்கே உண்டு.

சந்தேகம் வந்தால் தேசியக் கொரிய மொழி நிறுவனத்தின் இணைய அகராதியைத் திற. இரண்டு உச்சரிப்பும் சரி என்றால் சாய்கோடு போட்டு இரண்டையும் காட்டியிருக்கும். ஒன்றுதான் இருக்கிறதா, அதையே சொல். எப்படி உச்சரித்தாலும் எழுத்து மட்டும் மாறாது.