பென்சில் குறி

கும்பகோணம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதிக்கொள்வது. தனியார் வங்கியில் ரிலேஷன்ஷிப் மேனேஜராகச் சேரப்போகிறாய் என்று உன் அப்பா சொன்னான். பெரியம்மா உடனே சாமிக்கு விளக்கேற்றினாள். எனக்கும் சந்தோஷம்தான். கூடவே பழைய நினைவு ஒன்றும் வந்தது. உன்னிடம் சொல்ல வேண்டிய நேரம் இதுதான்.

2013-இல் ரிட்டயர் ஆனதும், வந்த பணத்தில் மூன்று லட்சத்தை எஃப்.டி. போட ஒரு வங்கிக்குப் போனேன். உன் வயதுப் பையன் ஒருவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்தான். "எஃப்.டி. மாதிரிதான் ஐயா, அதைவிடக் கூடவே கிடைக்கும்" என்றான். கையெழுத்துப் போட வேண்டிய இடத்திலெல்லாம் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தான். "கேள்வியை முழுசாகப் படித்துவிட்டு எழுது" என்று முப்பது வருஷம் பிள்ளைகளுக்குச் சொன்னவன், அன்று ஒரு வரிகூடப் படிக்காமல் குறி இருந்த இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன்.

மறு வருஷம் பிரீமியம் கட்டச் சொல்லி எஸ்.எம்.எஸ். வந்தது. நான் போட்டது டெபாசிட் இல்லை. வருஷா வருஷம் மூன்று லட்சம் கட்ட வேண்டிய யூலிப் என்ற காப்பீட்டுப் பாலிசி. தொடர்ந்து கட்ட முடியவில்லை. பிடித்தம் போக மிச்சப் பணம் ஐந்து வருஷம் முடிந்துதான் கைக்கு வந்தது. இடையில் உன் அக்கா கல்யாணம். பெரியம்மாவின் வளையல் அடகுக் கடைக்குப் போனது அதனால்தான்.

அந்தப் பையன்மேல் எனக்குக் கோபமில்லை. அவன் தலைக்கு மேல் டார்கெட் இருந்திருக்கும். நாளை உனக்கும் இருக்கும். "சொல்யூஷன்", "வாய்ப்பு" என்று பயிற்சியில் நிறையச் சொல்லிக்கொடுப்பார்கள். ஒவ்வொன்றையும் நம் வீட்டுப் பேச்சில் மாற்றிப் பார். யார் கட்ட வேண்டும், எத்தனை வருஷம், பாதியில் நின்றால் என்ன கிடைக்கும்? இந்த மூன்றுக்கும் பதில் சொல்லாத வார்த்தை எதையோ மறைக்கிறது.

காப்பீட்டைக் காப்பீடு என்றே சொல். அதை விற்றால் வங்கிக்குக் கமிஷன் உண்டு என்பதையும் சொல். டெபாசிட்டுக்கு ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை டெபாசிட் காப்புறுதி உண்டு, பாலிசிக்கு அது கிடையாது என்று சொல். பாலிசிப் பத்திரம் கைக்கு வந்த 30 நாளுக்குள் வேண்டாமென்று திருப்பித் தரலாம் என்பதை மறக்காமல் சொல். என் காலத்தில் அது 15 நாள். ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

உன்னிடம் சொல்லப்படும் வார்த்தைகளையும் இப்படியே பார். சி.டி.சி. என்று போட்டிருக்கும் தொகையில் கம்பெனி கட்டும் பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் சேர்ந்திருக்கும்; மாதம் கைக்கு வருவது எவ்வளவு என்று கேள். "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்பார்கள். மார்ச் மாத டார்கெட் குறைந்ததற்காக எந்தக் குடும்பமும் பிள்ளையை வெளியே அனுப்பாது. நேர்மையாக வேலை செய், சம்பளம் வாங்கு, லீவு நாளில் வீட்டுக்கு வா.

முதல் சம்பளத்தில் எனக்கு வேட்டி வேண்டாம், கண்ணு. என்னைப் போல ஒருவர் உன் எதிரில் வந்து உட்காரும்போது, பென்சிலை ஓரமாக வைத்துவிட்டு, அந்தத் தாளை அவருக்கு நிதானமாகப் படித்துக் காட்டு. எனக்கு அது போதும்.

அன்புடன்,
பெரியப்பா