ஒரு ஜெர்மானியப் பெயரும் தமிழ் ஆய்தமும்

முன்னுரை

பிறமொழிப் பெயரைத் தமிழில் ஒலிப்பதும் எழுதுவதும் எளிய செயல் அன்று. அப்பெயர் பிறந்த மொழியை அறியும் செவியும் வேண்டும். அதனை ஏற்கும் மொழியின் இலக்கணமும் வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நம் வகுப்பில் மாணவர் ஒருவர் நாளிதழ்ச் செய்தியொன்றைப் படிக்கையில், துப்பாக்கி செய்யும் ஜெர்மானிய நிறுவனத்தின் பெயரை 'ஹெக்லர் அண்ட் கோச்' என்றார். நாம் உடனே இடைமறித்து, 'கோக்' என்பதே சரி என்று திருத்தினோம். வகுப்பு சிரித்தது, மாணவர் தலைகவிழ்ந்தார். ஜெர்மனியில் பொறியியல் பயின்று திரும்பிய பழைய மாணவர் ஒருவர் அப்பெயரை நம்முன் ஒலித்துக் காட்டியபோதுதான் நாமும் பிழைபட்டோம் என உணர்ந்தோம். அவ்வுணர்வின் பயனே இக்கட்டுரை. படைக்கலத்தைப் போற்றுவது நம் நோக்கமன்று; பெயரின் ஒலியே நாம் ஆராயும் பொருள்.

பெயரின் வரலாறு

தென்மேற்கு ஜெர்மனியில் நெக்கார் ஆற்றங்கரையில் அமைந்த ஓபர்ன்டோர்ஃப் என்னும் சிறுநகர், மௌசர் துப்பாக்கிகளால் புகழ்பெற்றது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் பிரெஞ்சுப் படையினர் அங்கிருந்த ஆலையைக் கலைத்தனர். அவ்வாலையில் பணியாற்றிய பொறியாளர் மூவர் 1949ஆம் ஆண்டில் புதிய நிறுவனம் கண்டனர். முதலில் தையல் இயந்திரங்களுக்கும் மிதிவண்டிகளுக்கும் உரிய உறுப்புகளைச் செய்த அந்நிறுவனம், பின்னர்ப் படைக்கலத் தொழிலில் இறங்கியது. 1960களில் அது உருவாக்கிய 'எம்பி5' என்னும் துப்பாக்கியை நம் நாட்டுத் தேசியப் பாதுகாப்புப் படையினரும் பயன்படுத்தியுள்ளனர். நிறுவியவர் மூவருள் இருவர் பெயரே நிறுவனத்தின் பெயராயிற்று. இரண்டாவது பெயருக்கு ஜெர்மானிய மொழியில் 'சமையற்காரர்' என்பது பொருள். 1882இல் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்து அறிவித்த இராபர்ட் என்னும் மருத்துவ அறிஞரின் குடும்பப் பெயரும் இதுவே.

ஒலியின் இயல்பு

முதற்பெயரில் இடர்ப்பாடு இல்லை. 'ஹெக்லர்' என்பதன் ஈற்று ரகரம் தெளிவாக ஒலியாது, மெலிந்த அகரம்போல் தேயும். இடையில் வருவது ஆங்கில 'அண்ட்' அன்று. ஜெர்மானிய 'உண்ட்' ஆகும்.

இறுதிப் பெயரே நம்மை இடறச் செய்தது. அதன் உயிர் குற்றொகரம்; ஆதலின் 'கோ' என நீட்டுதல் பிழை. ஈற்றொலி சகரமும் அன்று, ககரமும் அன்று. ககர மெய்யை ஒலிக்கும்போது அடிநா மேலண்ணத்தைப் பொருந்தி மூச்சைத் தடுக்கும். இவ்வொலியிலோ அடிநா அண்ணத்தை அணுகி நிற்கும், பொருந்தாது. இடைவெளியில் மூச்சு உரசிச் செல்லும். ஓதப் பயின்ற நம் மாணவர்க்கு இது புதிதன்று. அரபு மொழியின் 'கா' என்னும் ஏழாம் எழுத்துக்கு மிக அணுக்கமான ஒலி இது. 'மகன்', 'பகல்' என்பவற்றின் இடைக்ககரம் பேச்சில் நெகிழ்வதும் இவ்வொலிக்கு வழிகாட்டும்.

எழுதும் முறை

இவ்வொலியைத் தமிழில் எங்ஙனம் எழுதுவது? ஆய்தம், குற்றெழுத்தை அடுத்து, உயிரோடு கூடிய வல்லெழுத்தின்முன் வரும் என்பது தொல்காப்பிய விதி. 'எஃகு' என்னும் சொல்லை நோக்குக. அதன் ஆய்தத்தை உரசொலி எனக் கருதும் மொழியியலார் உளர். தமிழ்ச்சொல் வல்லின மெய்யில் முடியாது. ஆதலின் ஈற்றில் குற்றியலுகரம் சேர்த்துக் 'கொஃகு' என எழுதினால், அது 'எஃகு' போல ஆய்தத்தொடர்க் குற்றியலுகரமாக அமையும். குறிலும் காக்கப்படும், உரசலும் காக்கப்படும், இலக்கணமும் வழுவாது.

இம்முறை புதுமையும் அன்று. அரபுப் பட்டப்பெயர் ஒன்றின் ஈற்றில் உள்ள இதே உரசொலிக்கு நம் முன்னோர் குற்றியலுகரம் சேர்த்துச் 'செய்கு' என்றனர். செய்குத்தம்பிப் பாவலர் (1874–1950) பெயரில் அவ்வடிவம் நிலைபெற்றுள்ளது. எனினும் இவ்வழி எல்லாவிடத்தும் பொருந்தாது. நூல் என்னும் பொருளுடைய ஜெர்மானியச் சொல்லில் இவ்வொலி நெடிலை அடுத்து வருதலின், அங்கு ஆய்தத்துக்கு இடமில்லை.

முடிவுரை

நாம் செய்த பிழைக்குக் காரணம், ஜெர்மானியப் பெயரை ஆங்கிலத்தின் வாயிலாகக் கேட்டதே. உடையவர் வாயில் அப்பெயர் எவ்வாறு பிறக்கிறது என்று நாம் கேட்கவில்லை. நம் பெயர்களைப் பிறர் சிதைத்து அழைக்கும்போது வருந்தும் நாம், பிறர் பெயரில் அவ்வாறு அயர்தல் முறையோ? மறுவாரம் அதே வகுப்பில் நம் பிழையைக் கூறி, அம்மாணவரையே எழுப்பிக் 'கொஃகு' என்று ஒலிக்கச் செய்தோம். அவர் திருத்தமாக ஒலித்தார். நமக்குத்தான் இருமுறை முயல வேண்டியிருந்தது.